பழைய ரிவால்வரின் மாடலும் பிறப்பிடமும்: எழுத்தைக் கடைசியில் படியுங்கள்

பழைய ரிவால்வரைப் பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் குழலின் மேல் வெட்டியிருக்கும் எழுத்துக்குத்தான் முதலில் போகும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்’ என்று பொறித்திருக்கும். அது எந்தத் தோட்டாவைப் போட வேண்டும் என்ற குறிப்பாக இருக்கும், துப்பாக்கி ஸ்பெயினில் பிறந்திருக்கும். ‘மான்டன், கல்கத்தா’ என்று இருக்கும். அது விற்ற கடையின் பெயர். ‘1884’ என்று இருக்கும். அது காப்புரிமை பெற்ற ஆண்டு, துப்பாக்கியோ இருபது, முப்பது வருடம் கழித்துச் செய்ததாக இருக்கும்.

அதனால் பரிசோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் இயக்கம், அடுத்து அளவு, பிறகு முத்திரைகள், பிறகு எண்கள், எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில். எழுத்தை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) எந்தப் பக்கம் திறக்கிறது, குழலுக்குள் எத்தனை வரிப்பள்ளம் (தோட்டாவைச் சுழல வைக்கும் முறுக்குப் பள்ளம்) என்பதையெல்லாம் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

கையில் எடுக்கும் முன்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரிவால்வரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் அதை வீண் தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது இது. அடையாளம் காணும் வேலையை அதற்குப் பிறகு, விற்பனையாளர் முன்னிலையில் செய்துகொள்ளலாம். ‘பழசு, ஓடாது, அதனால் லைசென்ஸ் வேண்டாம்’ என்று பலர் நம்புகிறார்கள். பழமையான அல்லது பழுதான ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். ஸ்பிரிங் மட்டும் உடைந்த வெப்லி ரிவால்வர் இதில் அடங்காது.

இன்னொன்று: .380, .455 விளிம்புத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (குழல் துளை அளவு) வகையில் வரும். .32 அப்படியல்ல. ஆக, துளை அளவைத் தவறாக எழுதினால் சட்ட வகையே மாறிவிடும்.

கையில் எடுத்ததும் வாய்ப்பகுதியை ஆளில்லாத பக்கம் திருப்பி, விரலை டிரிகருக்கு வெளியே வைத்து, ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள். துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் பலம் காட்ட வேண்டாம். உள்ளே தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு விற்பனையாளரின் கைவினைஞரிடம் விடுங்கள். தோட்டா வருவதற்கு முந்தைய, முன்பக்கமிருந்து வெடிமருந்து நிரப்பும் கேப் வகை ரிவால்வர்களில் ஆபத்து அதிகம். நூறு வருடம் கழித்தும் உள்ளே மருந்து இருக்கக்கூடும். மெல்லிய மரக்குச்சியை ஒவ்வோர் அறைக்குள்ளும் முன்பக்கமாக விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதே குச்சியைச் சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓர் அறையில் மட்டும் குச்சி பாதியில் நின்றால் அது நிரம்பியிருக்கிறது.

உப்புத்தாள், கம்பி பிரஷ், துரு நீக்கும் அமிலம் மூன்றையும் தொடாதீர்கள். முத்திரைகளின் ஆழம் பல நேரம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு முறை தேய்த்தாலே போய்விடும். மெல்லிய எண்ணெயும் நைலான் பல்துலக்கியும் போதும்.

எப்படித் திறக்கிறது?

முதல் கேள்வி இதுதான். பதில் கிடைத்தால் நாடு பாதி தெரிந்துவிடும்.

குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கமாக மடிந்து, காலித் தோட்டாக்கள் தானே மேலெழும்பினால் அது டாப்-பிரேக் வகை. இடப்பக்கம் ஹேமருக்கு (தோட்டாவைத் தட்டும் சுத்தி) அருகே கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலும், ஃபிரேமின் (உடல் சட்டம்) மேல் வளைந்து பூட்டும் கனமான கொக்கியும் இருந்தால் பிரிட்டிஷ்: வெப்லி அல்லது என்ஃபீல்டு. நெம்புகோல் இல்லாமல், ஹேமருக்கு முன்னால் மேலே தூக்கும் சிறு தாழ்ப்பாள் மட்டும் இருந்து, ஐந்து அறையும் சிறிய உடலுமாக இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க வகை. அங்கே பிடியைப் பாருங்கள்: ஆந்தைத் தலை என்றால் ஐவர் ஜான்சன், துளைபட்ட இலக்கு வட்டம் என்றால் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன். இவற்றின் வடிவத்தை பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் ஏராளமாக நகலெடுத்தார்கள். தாழ்ப்பாளை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடப்பக்கம் வருவதுதான் வழக்கம். தாழ்ப்பாளை முன்னால் தள்ளினால் திறப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். பின்னால் இழுத்தால் திறப்பது கோல்ட். காலியான நிலையில் ஹேமரைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னிழுத்துப் பாருங்கள்: பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முள் போகும் திசையில் சிலிண்டர் சுழன்றால் கோல்ட், எதிர்த்திசையில் சுழன்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்தபடியே இறக்குங்கள். பழைய துப்பாக்கியில் வெறுமனே தட்டினால் ஊசி உடையும். சிலிண்டர் வலப்பக்கம் வெளியே வந்தால் 8 மி.மீ. பிரெஞ்சு 1892 மாடலை நினையுங்கள்.

ஃபிரேம் மடியாமல், வலப்பக்கம் சிறு கதவு வழியாக ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும் என்றால் களம் பெரிது. கோல்டின் 1873 மாடல், 1868இல் வந்த வெப்லி ஆர்.ஐ.சி., குட்டையான ‘புல்டாக்’ வகை, ரஷ்ய நாகான் எல்லாம் இதில் சேரும். நாகானைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஏழு அறைகள் இருக்கும், ஹேமரைப் பின்னிழுத்ததும் சிலிண்டர் முழுவதும் முன்னகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். புல்டாக்கில் மட்டும் அவசரப்பட வேண்டாம். 1870களில் வெப்லி அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தை பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் பெரும் எண்ணிக்கையில் செய்து தள்ளின. குழலில் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்றே பொறித்திருந்தாலும் முத்திரையைப் பார்க்காமல் பிரிட்டன் என்று எழுதாதீர்கள்.

அளவு எடுப்பது

0.05 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். குழலின் நீளத்தை வாய்முனையிலிருந்து, சிலிண்டரைப் பார்த்திருக்கும் பின்முனை வரை அளக்க வேண்டும். சிலிண்டரையும் சேர்த்து அளந்துவிட்டு, 5 அங்குலத் துப்பாக்கியை ஆறரை அங்குலம் என்று எழுதி, பட்டியலில் எங்கும் கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய.

காலிபரை, அதாவது தோட்டாவின் அளவை, குழல் வாயில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். காரணம் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஐந்து, வெப்லியில் ஏழு. இரண்டும் வலப்பக்கம் முறுக்கியவை. எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வந்து நிற்கும். பள்ளத்துக்குப் பள்ளம் அளவே கிடைக்காது. கோல்டில் ஆறு பள்ளம், இடப்பக்க முறுக்கு. ஒரு டார்ச்சைப் பின்பக்கம் பிடித்துப் பள்ளங்களை எண்ணி, முறுக்கின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கோல்ட் என்று எழுதியிருக்கும் துப்பாக்கியில் வலப்பக்க முறுக்கைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்.

காலிபரை அறையில் அளவெடுங்கள். அறையின் பின்வாய் விட்டம், பின்வாயிலிருந்து உள்ளே படி தட்டும் இடம் வரையிலான ஆழம் இரண்டும் வேண்டும். தோட்டாக் கூட்டின் விட்டம் .32 வகைக்கு ஏறத்தாழ 8.6 மி.மீ., .38 ஸ்பெஷலுக்கு 9.6, .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு (பிரிட்டிஷ் ராணுவத்தில் இதுவே .380) 9.8, .455க்கு 12.2. அறை இவற்றைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். இரண்டு .38களுக்கும் விட்ட வித்தியாசம் 0.2 மி.மீ. தான். ஆனால் கூட்டின் நீளத்தில் பெரிய வித்தியாசம்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 19.7 மி.மீ., ஸ்பெஷல் 29.3.

இந்த ஆழத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ஒரு குறிப்பிட்ட மாற்றம் இதில்தான் பிடிபடும். இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ‘விக்டரி’ மாடலை 5 அங்குலக் குழலோடு .380 தோட்டாவுக்காகச் செய்து பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் அனுப்பியது. போருக்குப் பிறகு அவற்றில் பலவற்றின் அறைகளை நீளமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் போடும்படி மாற்றி விற்றார்கள். நீளம் மாறியது, அகலம் மாறவில்லை. சுட்டால் மெல்லிய கூடு அகன்ற அறையில் உப்பி வெடிக்கும். விட்டம் 9.8ஐத் தாண்டியும் ஆழம் 29ஐ ஒட்டியும் இருந்தால் அது இப்படி மாற்றப்பட்டது. மாடல் விக்டரி என்று எழுதுவதோடு, ‘அறைகள் குடையப்பட்டவை’ என்றும் எழுதுங்கள்.

.455 வெப்லியிலும் இதே போன்ற ஒரு வம்பு உண்டு. அமெரிக்காவுக்குப் போன பல துப்பாக்கிகளில் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, அரைநிலா கிளிப்போடு .45 தானியங்கித் தோட்டா போடும்படி செய்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் .455ஐவிட மிக அதிகம், சிலிண்டர்கள் வெடித்திருக்கின்றன. துப்பாக்கியை மூடிய நிலையில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சிலிண்டருக்கும் பின்சுவருக்கும் நடுவே வழக்கத்துக்கு மீறிய இடைவெளி தெரிந்தால் சீவப்பட்டது.

ப்ரூஃப் முத்திரைகள்

அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கியது என்று சோதனைச்சாலை அடிக்கும் குத்துதான் ப்ரூஃப் முத்திரை. பிறப்பிடத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. குழலின் அடிப்பக்கம், சிலிண்டரின் ஒவ்வோர் அறைக்கு நடுவே, ஃபிரேமின் முன்பகுதி என்று சின்னச் சின்னதாக இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உலோகப் பரப்போடு கிட்டத்தட்டப் படுத்தி வைத்து ஒளியைப் பக்கவாட்டில் விடுங்கள். 10 மடங்கு லென்ஸ் வழியே பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பும்.

நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893இலோ அதற்குப் பிறகோ அடித்தது. கிரீடம் இல்லையென்றால் அதற்கு முந்தையது. கிரீடத்தின் கீழ் ‘ஆர்’ என்ற தனி எழுத்து, குழலில் வரிப்பள்ளம் வெட்டியது என்பதைக் குறிக்கும். மாடல் பெயர் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிரீடத்தின் கீழ் ‘பி.வி.’, ‘பி.பி.’, ‘என்.பி.’ என்று இருந்தால் 1904க்குப் பிந்தைய பர்மிங்ஹாம். அதற்கு முன் அங்கே குறுக்கிட்ட இரண்டு செங்கோல்களும் கிரீடமும் எழுத்துகளும் வரும். ‘.38 .767 3½ டன்’ என்பது போன்ற வரியைக் கண்டு ‘மாடல் 767’ என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. .767 என்பது அங்குலத்தில் கூட்டின் நீளம், 3½ டன் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கான அழுத்தம். ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்ற குத்து பிரிட்டிஷ் முத்திரைகளோடு சேர்ந்து வந்தால், அந்தத் துப்பாக்கி வேறு நாட்டில் செய்யப்பட்டு பிரிட்டனில் சோதிக்கப்பட்டது. ஆக, பிரிட்டிஷ் முத்திரை இருப்பதாலேயே பிரிட்டிஷ் துப்பாக்கி ஆகிவிடாது.

ஸ்பெயின் துப்பாக்கிகளின் ஊர் பெரும்பாலும் ஐபார். அங்கு 1927 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தாக முத்திரையோடு சேர்த்து அடித்தார்கள். ஆண்டு தெரிய அதைத் தேடுங்கள். அமெரிக்காவில் அரசு ப்ரூஃப் சாலை கிடையாது. எந்த ப்ரூஃப் சாலையின் குத்தும் இல்லாமல், நிறுவன அடையாளம் மட்டும் இருப்பதே அமெரிக்கத் துப்பாக்கிக்கு ஒரு குறிப்பு.

யாருடைய சொத்தாக இருந்தது

மூன்று கோட்டில் வரைந்த அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்பின் கீழ் ‘ஐ’ இருந்தால் இந்திய ராணுவம். ‘சி’ எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு ‘டி’களுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால், அரசு அதைச் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது. வீட்டில் இருக்கும் ராணுவ ரிவால்வருக்கு இந்தக் குறி மிக முக்கியம். முறையாக வெளியே வந்ததற்கு உலோகத்தில் இருக்கும் சான்று அதுதான். அமெரிக்கா போர்க்கால உதவியாக அனுப்பிய விக்டரியின் மேல்பட்டையில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராபர்ட்டி’ என்று இருக்கும்.

எது வரிசை எண்?

துப்பாக்கியில் காணும் எண்ணெல்லாம் வரிசை எண் அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் சிலிண்டரை வெளியே தள்ளியதும் ஃபிரேமின் வெட்டில் ஓர் எண் கண்ணில் படும். பழைய துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும்போது போட்ட தற்காலிக எண். உண்மையான வரிசை எண் பிடியின் அடியில் இருக்கும். சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் அதே எண் வர வேண்டும். ‘வி’ முன்னெழுத்து இருந்தால் 1942–45 விக்டரி. அந்த நிறுவனம் மாடல்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியதே 1957இல்தான். அதற்கு முந்தைய துப்பாக்கியில் ‘மாடல் நம்பர்’ தேடிப் பயனில்லை. கோல்டில் நேர்மாறு: சிலிண்டர் தாங்கியின் வெட்டில் இருப்பதுதான் வரிசை எண்.

வெப்லியில் ஃபிரேம், குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண் வர வேண்டும். சிலிண்டர் எண் மட்டும் வேறுபட்டால் இடையில் மாற்றியிருக்கிறார்கள். எண்ணைச் சுரண்டியிருப்பது தெரிந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் விற்பனையாளர் வழியே காவல்துறைக்குத் தெரிவியுங்கள். அடையாள எண்ணை அழிப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம்.

வெப்லியா, என்ஃபீல்டா?

நம் பக்கம் அதிகம் குழப்பும் இரட்டையர் இவர்கள். முதலில் .455 வெப்லி. மார்க் 1 (1887) முதல் மார்க் 5 (1913) வரை பிடி பறவைத் தலைபோல் வளைந்து முடியும், குழல் பொதுவாக 4 அங்குலம். 1915இல் வந்த மார்க் 6இல் பிடியின் அடி சதுரம், குழல் 6 அங்குலம். மார்க் எண் மேல்பட்டையின் இடப்பக்கம் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் பிற்பாடு மேம்படுத்தியது. மார்க் 6 ஃபிரேமின் இடப்பக்கம் ‘வெப்லி பேட்டண்ட்ஸ்’ என்பதற்குக் கீழே வரும் ஆண்டு, காப்புரிமை ஆண்டல்ல, செய்த ஆண்டு. பொது விதிக்கு விலக்கான இடம் இது. 1921 முதல் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் மார்க் 6ஐச் செய்தது. அதில் வெப்லி பெயர் இராது.

.38க்கு வந்தால் வெப்லி மார்க் 4, என்ஃபீல்டு நம்பர் 2 இரண்டும் ஐந்து அங்குலக் குழல், ஆறு அறை, ஒரே சாயல். உள்பாகங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. என்ஃபீல்டின் ஃபிரேம் பக்கத்தில் கழற்றக்கூடிய தகடு இருக்கும். வெப்லியில் அது கிடையாது, டிரிகர் காப்பு வளையம்தான் தனியே கழலும். என்ஃபீல்டின் பெயர், மார்க், ஆண்டு மூன்றும் ஃபிரேமின் வலப்பக்கம், ஹேமருக்குக் கீழே வரும். போர்க்கால வெப்லியில் ‘வார் ஃபினிஷ்’ என்ற குத்தைக் காணலாம். மேற்பரப்பில் கடைசல் கோடுகள் அப்படியே தெரிவதற்கு அவசர உற்பத்தியே காரணம், அதைத் தேய்மானம் என்று எழுத வேண்டாம்.

என்ஃபீல்டில் ஹேமரின் வால் (கட்டைவிரலால் பின்னிழுக்கும் முனை) இல்லாவிட்டால் 1938இல் வந்த மார்க் 1 நட்சத்திரம். ஃபிரேமில் 1934 என்று இருந்தும் ஹேமரில் வால் இல்லையா? பழைய மார்க் 1ஐப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அப்படி நிறையவே நடந்தது. இரண்டு விவரத்தையும் பதிவு செய்யுங்கள்.

கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் இந்த வெப்லி மார்க் 4 வம்சம்தான். தூரத்தில் பார்த்தால் தாத்தா காலத்துத் துப்பாக்கிபோலவே தெரியும். அறை விட்டம் 8.6ஐ ஒட்டி வந்து, இந்திய முத்திரைகளும் இருந்தால் அது பழம்பொருள் அல்ல.

இனி எழுத்து

இப்போது எழுத்தைப் படியுங்கள். இதுவரை கண்டதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். கல்கத்தாவின் மான்டன், ரோடா, சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் போன்றவை இறக்குமதி செய்து தம் பெயர் பொறித்து விற்ற கடைகள். அந்தப் பெயரை ‘விற்றவர்’ என்ற இடத்தில் எழுதுங்கள். காப்புரிமை ஆண்டுகள் வரிசையாக இருந்தால் கடைசி ஆண்டுக்கு முன் அது செய்யப்படவில்லை என்பது மட்டுமே உறுதி. கோல்ட் போலீஸ் பாசிட்டிவில் 1884, 1900, 1905 என்று மூன்று ஆண்டுகள் ஒரே வரியில் வரும். மாடலோ 1907இல் விற்பனைக்கு வந்தது.

எழுத்துப்பிழை கண்டால் நின்று பாருங்கள். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் ஊரின் பட்டறைகள் பல தலைமுறைகளாக வெப்லியையும் மற்றவற்றையும் கையாலேயே நகலெடுத்து வந்திருக்கின்றன. வேலைத்திறன் வியக்க வைக்கும். ஆனால் ஆங்கிலம் தெரியாமல் எழுத்தின் உருவத்தை மட்டும் பார்த்து வெட்டியதால் ‘என்’ எழுத்து இடவலம் மாறியிருக்கும், ‘வெப்லி’யில் ஓர் எழுத்து குறையும், கிரீடம் பூச்செண்டாக மாறியிருக்கும். தொழிற்சாலைக் குத்து ஒரே அடியில் ஒரே ஆழத்தில் விழும். இங்கே ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு ஆழத்தில், வரி சற்று ஏறி இறங்கி நிற்கும். உலோகத்தின் தரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதால் இதைச் சுடவே கூடாது.

பதிவு

இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பட்டை, பிடியின் அடி, சிலிண்டரின் பின்முகம், திறந்த நிலை, ஒவ்வொரு முத்திரையும் நெருக்கத்தில்: எல்லாவற்றையும் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிடித் தகட்டைக் கழற்ற வேண்டுமானால் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் திருகைப் பாதி தளர்த்தி, அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானே கிளம்பும். ஓரத்தில் நெம்பினால் நூறு வருடப் பழைய ரப்பரும் மரமும் விரிந்துவிடும்.

ஒப்படைத்ததற்குத் தரும் ரசீதில் ‘பழைய வெளிநாட்டு ரிவால்வர் 1’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பின்னால் லைசென்ஸ் மாற்றும்போது எந்தத் துப்பாக்கி என்று நிரூபிக்க வழியிருக்காது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘டாப்-பிரேக் ரிவால்வர், 6 அறை, .380, குழல் 5 அங்குலம், என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1 நட்சத்திரம், ஃபிரேமில் 1941, ஹேமர் வால் இல்லை, வரிசை எண் ஃபிரேமிலும் குழலிலும் ஒன்று, சிலிண்டரில் வேறு, இந்திய ராணுவ அம்புக்குறி உண்டு, விற்பனைக் குறி உண்டு.’